எந்த ஆங்கிலப் பேப்பரை நம்புவது என்று கேட்ட மேலூர்த் தம்பிக்கு

தம்பி, பர்மிங்காமுக்குப் படிக்க வந்து சில மாதம்தான் ஆகிறது, ஊரில் அம்மாவுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒன்று வருகிறது, அறையில் கூட இருக்கும் பையன்கள் வேறொன்று சொல்கிறார்கள், யார் பக்கமும் சாயாத ஆங்கிலப் பேப்பர் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. நம் ஊரில் மட்டும் இருந்ததா என்ன? 1942-ல் தினத்தந்தி தொடங்கியதே மதுரையில்தான். டீக்கடை பெஞ்சில் தாள் தாளாகப் பிரித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். எந்தப் பேப்பர் யாருக்குச் சாதகம் என்று மேலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அத்துப்படி. அதைக் கழித்துவிட்டுத்தான் அவர் படிப்பார். இங்கே வந்ததும் அந்தக் கணக்கு நம் கையில் இல்லை. போதாததற்கு, ஆங்கிலத்தில் இருந்தாலே உண்மையாகத்தான் இருக்கும் என்ற பழைய மரியாதை வேறு.

முதலில் அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். டெலிகிராஃபும் மெயிலும் வலதுசாரி. கார்டியனும் மிரரும் இடதுசாரி. டைம்ஸும் சன்னும் ரூபர்ட் மர்டாக் என்ற பத்திரிகை முதலாளியின் குடும்பத்துப் பேப்பர்கள். டிவிக்கும் ரேடியோவுக்கும் ஆஃப்காம் என்ற அமைப்பு இருக்கிறது, செய்தியில் நடுநிலை காக்க வேண்டும் என்பது அங்கே விதி. பேப்பருக்கு அந்த விதி கிடையாது, அவர்கள் வெளிப்படையாகவே கட்சி கட்டலாம். (பிபிசி தளத்தைப் படிக்கக் காசு வேண்டாம்; நேரலையில் எந்த சேனலைப் பார்த்தாலும் டிவி லைசென்ஸ் வேண்டும். லேப்டாப்பில் பார்த்தாலும்தான்.)

சாய்வு வேறு, புளுகு வேறு. சாய்ந்த பேப்பரிலும் தகவல் சரியாக இருக்கலாம். நான் பார்ப்பது இரண்டே விஷயம்: தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்கிறார்களா, தப்பு வந்தால் தப்பு என்று போடுகிறார்களா. கார்டியனில் வாசகர் புகாரைக் கேட்கவே 1997-லிருந்து தனி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், திருத்தங்களுக்கென்று தனிப் பத்தியும் உண்டு. திருத்தம் நிறைய வருகிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். திருத்தமே போடாத தளத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

2024 ஜூலை 29-ல் சவுத்போர்ட்டில் சிறுமிகளின் நடன வகுப்பில் புகுந்து ஒருவன் கத்தியால் குத்தினான். மூன்று குழந்தைகள் இறந்தார்கள். பிடிபட்டவனுக்கு 17 வயது, அதனால் போலீஸ் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில், படகில் வந்த அகதி என்று ஒரு பொய்ப் பெயர் கிளம்பியது. 'சேனல் 3 நவ்' என்று டிவி ஸ்டேஷன் மாதிரி பெயர் வைத்த ஒரு தளம் அதைச் செய்தியாகவே போட்டது. பையன் கார்டிஃபில் பிறந்தவன், அந்தப் பெயர் பொய் என்று போலீஸ் சொல்லியும் மறுநாள் இரவு மசூதியைத் தாக்கினார்கள். கலவரம் பல ஊருக்குப் பரவியது. திருமங்கலத்திலிருந்து என் தங்கை, "அண்ணே, இங்கிலாந்தே எரியுதாமே, பால் வாங்கக்கூட வெளிய போகாதீங்க" என்று அழுதாள். அன்றைக்குப் பெயரைப் போடாத பிபிசியை, மறைக்கிறான் என்று திட்டியவர்கள் நம் ஆட்களிலேயே உண்டு. நீதிபதி அனுமதித்த பிறகுதான் இங்கே பெயர் வந்தது. இந்த நாட்டில் வழக்கைக் கெடுக்கும்படி எழுதினால் பத்திரிகை மேலேயே நீதிமன்ற அவமதிப்பு பாயும். அதனால் இங்கே நல்ல பேப்பர் பல நேரம் பிந்தித்தான் வரும். உடனே எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு சோதனை நமக்கே உரியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் கூட்டம் கூடியபோது வந்த ஆங்கிலச் செய்திகளைத் தேடி எடுங்கள். எழுதியவர் ஸ்பெயின் காளைச் சண்டையோடு போட்டுக் குழப்புகிறாரா? திமிலைப் பிடித்துத் தொங்குவதுதான் ஆட்டம், மாட்டைக் கொல்வதில்லை என்று தெரிந்து எழுதுகிறாரா? 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட கதையைச் சொல்கிறாரா? மாடு வளர்ப்பவரிடமும் பேசி, எதிர்ப்பவரிடமும் பேசியிருக்கிறாரா, இல்லை டெல்லியில் உட்கார்ந்தே முடித்துவிட்டாரா? நமக்குத் தெரிந்த விஷயத்தில் இவ்வளவு தவறு விடுகிறவர், நமக்குத் தெரியாத உக்ரைனைப் பற்றி எழுதும்போது மட்டும் சரியாக எழுதுவாரா?

"நூறு தளத்துல வந்திருக்குண்ணே" என்பீர்கள். முதல் வரியையோ கடைசி வரியையோ பாருங்கள், பல நேரம் ராய்ட்டர்ஸ் அல்லது ஏபி என்றிருக்கும். பேப்பர்களுக்குச் செய்தி விற்கும் நிறுவனங்கள் அவை. ஒரே செய்தியை நூறு பேர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ராய்ட்டர்ஸ் நல்ல ஆள்தான், ஆனால் சாட்சி ஒன்றுதான்.

விசா செய்திக்கு மட்டும் எந்தப் பேப்பரையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். 2023 மே மாதம், முதுகலை மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டி வருவதை நிறுத்தப் போவதாக அரசு அறிவித்தது. வாட்ஸ்ஆப்பில் அது, இங்கே இருக்கும் மனைவி மக்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று மாறி வந்தது. உண்மையில் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்குத்தான் அது, ஆராய்ச்சிப் படிப்புக்கு விலக்கும் இருந்தது. அமைச்சர் பேசுவது ஒன்று, அரசு தன் திட்டத்தைச் சொல்லும் வெள்ளை அறிக்கை ஒன்று, நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் விதித் திருத்தம் ஒன்று. கடைசியில் சொன்னதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அதில் எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு என்ற இரண்டையும் அரசின் கவ் டாட் யூகே தளத்தில் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போடுங்கள்.

பேப்பருக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. இங்கே பல நகர நூலகங்களில் உறுப்பினர் அட்டை எடுத்தால் பிரஸ்ரீடர் செயலியில் பேப்பர்களை இலவசமாகப் படிக்கலாம். முகவரிச் சான்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், சில இடங்களில் கேட்பார்கள்.