வசூல் நூறு சதவீதம், கடன் அப்படியே

கேள்வி: டெல்டா கிராமம் ஒன்றின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். தவணை நாளில் பயிர்க்கடனைக் கட்ட முடியாதவர்களுக்குத் தனியார் ஒருவர் பணம் போட்டுக் கணக்கை முடித்துவிட்டு, புதுக்கடன் கைக்கு வந்ததும் கமிஷனோடு எடுத்துக்கொள்கிறார். நூறு சதவீத வசூல் என்று தலைவர் பெருமைப்படுகிறார். நிறுத்தினால் சங்கம் பின்தங்கிவிடாதா?

பதில்: அன்புள்ள செயலாளருக்கு,

தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை என்று அரசு தரும் சலுகை, உங்கள் வாசலில் நிற்கும் அந்த மனிதரின் கமிஷனாகக் கரைந்துபோகிறது. விவசாயியின் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை; பேரேட்டில் தேதி மட்டும் மாறியிருக்கிறது. இதை வசூல் என்று எழுதுவது பொய்க்கணக்கு என்பதே என் கருத்து.

வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. உங்கள் சங்கத்தில் போட்ட பணத்துக்கு அது கிடையாது. நெல் விற்ற பணத்தை உங்களிடம் வைப்பாகப் போடுகிறவர், ரசீதில் உள்ள உங்கள் கையெழுத்தை நம்பித்தான் போடுகிறார். 1890களில் சென்னை மாகாண அரசுக்காகக் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கிய ரெய்ஃபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்றுதான் தம் அறிக்கையில் வலியுறுத்தினார். பணத்துக்கு முன்பு அவர் தேடியது ஆளை.

வரும் தவணை நாளில் அந்த நபரின் பணத்தைக் கவுன்ட்டரில் வாங்காதீர்கள். பாக்கி கூடும், சங்கத்துக்குக் கடன் தரும் மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து கேள்வி வரும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வெள்ளத்திலோ வறட்சியிலோ 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் அழிந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தால், அந்தக் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்ற வழி இருக்கிறது. உரிய காலத்துக்குள் பட்டியல் எடுத்து அனுப்புங்கள். மற்றவர்களின் பாக்கியைச் சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் உள்ளபடியே வாசியுங்கள். கட்ட வசதியிருந்தும் கட்டாதவர் யார், விளைச்சல் போனவர் யார் என்பது ஊருக்குத் தெரியும்.

தலைவர் ஒப்பாவிட்டால் உங்கள் மறுப்பை எழுத்தில் கொடுத்து, நகலில் அவருடைய கையொப்பம் வாங்கிவையுங்கள். 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவில் தண்டத்தீர்வை நடவடிக்கை, அதாவது சங்கத்தின் இழப்பைப் பொறுப்பானவரிடமே வசூலிக்கும் நடவடிக்கை, வரும் நாளில், வவுச்சரில் கையெழுத்திட்டவர் என்று முதலில் அழைக்கப்படுபவர் நீங்களாகவே இருப்பீர்கள்.