பிரமிடுகளுக்கு முன்பே எகிப்தியர்கள் சிற்பம் செதுக்கினார்களா?

செதுக்கினார்கள், அதுவும் தேர்ந்த கையால். கி.மு. 3100 வாக்கில் உருவான நார்மர் கற்பலகையைப் பாருங்கள். கீசாவின் பெரிய பிரமிடைவிட ஏறக்குறைய 500 ஆண்டுகள் மூத்தது. உயரம் சுமார் 64 செ.மீ.தான்.

ஒரு பக்கத்தில் வெள்ளை மகுடம் சூடிய மன்னர் நார்மர், மண்டியிட்ட எதிரியின் தலைமுடியைப் பற்றியபடி கதாயுதத்தை ஓங்குகிறார். வெறுங்காலுடன்! அவருடைய செருப்பைப் பின்னால் நிற்கும் பணியாள் கையில் வைத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முகம் பக்கவாட்டில், தோள்கள் நேராக: இந்த மரபு எகிப்தியக் கலையில் சுமார் 3000 ஆண்டுகள் நிலைத்தது.

மறுபக்கத்தில் இரண்டு விலங்குகளின் நீண்ட கழுத்துகள் பின்னிக்கொண்டு நடுவில் ஒரு வட்டக் குழியை உண்டாக்குகின்றன. அன்றாடம் புழங்கிய பலகைகளில் கண்ணுக்கு மை அரைத்தது அப்படிப்பட்ட பரப்பில்தான்.