துரியோதனன் வேடம் யாருக்கு?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் முத்தமிழ் விழாவுக்கு மாணவர்களைக் கொண்டு ஒரு நாடகம் போடுவது என் பொறுப்பு. இவ்வாண்டு பாரதக் கதையில் மாயசபை முதல் சூதாட்டம் வரையிலான பகுதியை எடுத்துக்கொண்டோம். பிறவியிலேயே பார்வையற்ற இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் நடிக்க விரும்பினார். நல்ல குரல், மனப்பாடம் பிசகாது. அவருக்கென்றே அமைந்ததுபோல் திருதராட்டிரன் இருக்கிறானே என்று மகிழ்ந்து அந்த வேடத்தைக் கொடுத்தேன். மாற்றுத்திறனாளிகளின் பாத்திரங்களை மாற்றுத்திறனாளிகளே ஏற்க வேண்டும் என்று இப்போது பலரும் எழுதுவதை நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் அவரோ, "எனக்குத் துரியோதனன் வேண்டும் ஐயா" என்கிறார். கதாயுதம் ஏந்தி மேடையெங்கும் நடக்கும் வேடத்தை அவர் எப்படிச் செய்வார்? விழுந்தால் யார் பொறுப்பு? நடிப்பு என்பதே தான் அல்லாத ஒருவராக மாறுவதுதான் என்றால், பார்வையற்றவர்தான் பார்வையற்றவராக நடிக்க வேண்டும் என்பதற்கு என்ன பொருள்?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

துரியோதனனை அவருக்கே கொடுத்துவிடுங்கள். இறுதியில் சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டதற்குக் காரணம், விழா நெருங்கியிருக்கும், ஒத்திகைக்கு நாட்கள் குறைவு என்பதுதான். மற்றதை ஆற அமர வாசிக்கலாம்.

பார்வையற்றவரின் பாத்திரத்தைப் பார்வையற்றவரே ஏற்க வேண்டும் என்பதை நடிப்புக் கலையின் இலக்கணமாகக் கொண்டால், அது தவறான இலக்கணம்தான். அரசனாக நடிக்க அரச குலத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோரிக்கை இலக்கணமாக எழவில்லை. வயிற்றுப்பாட்டின் கணக்காக எழுந்தது. ஆஸ்கர் விருதுப் பட்டியலைப் பாருங்கள். செவித்திறன் அற்ற மார்லீ மாட்லின் 1987இல் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். செவித்திறன் அற்ற இன்னொருவர், டிராய் காட்சர், நடிப்புக்காக அவ்விருதைப் பெற 2022 வரை ஆயிற்று. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் டஸ்டின் ஹாஃப்மன், டேனியல் டே லூயிஸ், அல் பசினோ, ஜேமி ஃபாக்ஸ், எடி ரெட்மெய்ன் என்று, தங்களுக்கு இல்லாத குறைபாட்டை ஏற்று நடித்தவர்கள் அதே மேடையில் ஒருவர்பின் ஒருவராக விருது வாங்கிப் போனார்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பார்வையுள்ளவர் பார்வையற்றவராக மாறலாம், அது கலை. பார்வையற்றவர் பார்வையுள்ளவராக மாற முடியாது, அது ஆபத்து என்று ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாக நடிப்பை வைத்திருந்தோம் என்பதே குற்றச்சாட்டு. எந்தக் கதவும் தனக்குத் திறக்காதபோது, தன் வாழ்க்கையைச் சொல்லும் பாத்திரத்தையாவது தனக்குக் கொடு என்று ஒருவர் கேட்பது இயல்பு. அதை அவருக்கான எல்லைக்கோடாக நாம் படித்துவிட்டோம். உங்கள் மாணவர் அந்தக் கோட்டுக்குள் நிற்க மறுக்கிறார், அவ்வளவுதான்.

இதற்குத் தமிழ்த் திரையிலேயே அருமையான சான்று இருக்கிறது. 2007இல் வெளிவந்த 'மொழி' படத்தில், கேட்கவும் பேசவும் இயலாத பெண்ணாக ஜோதிகா நடித்தார், மதிக்கத்தக்க நடிப்பு. இரண்டே ஆண்டுகள் கழித்து, சமுத்திரக்கனி இயக்கிய 'நாடோடிகள்' படத்தில் கதாநாயகனின் தங்கையாக, பேச்சும் செவியும் உள்ள பெண்ணாக அபிநயா நடித்தார். அவருக்குச் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லை என்பதைச் சொன்னால் அன்றி அறிந்துகொள்ள வழியில்லை. அதே பாத்திரத்தைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அவரே ஏற்றார். எப்படி இயன்றது? நம் படங்களில் கதாநாயகிகளுக்கு வேறொருவர் குரல் கொடுப்பது பல்லாண்டு வழக்கம். மொழி தெரியாத நடிகைக்குக் கைகொடுத்த அதே டப்பிங்தான் பேச இயலாத நடிகைக்கும் கைகொடுத்தது. வேறு யாருக்காகவோ துறை முன்பே கட்டி வைத்திருந்த சாய்தளத்தில் சக்கர நாற்காலியும் ஏறும் என்பதை ஓர் இயக்குநர் கவனித்தார். இந்தக் கவனிப்பைத்தான் நான் உங்களிடமும் எதிர்பார்க்கிறேன். பெரிய தியாகம் எதையும் அல்ல.

நம் மரபு பார்வையற்ற கலைஞர்களை ஒதுக்கியதில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அந்தகக்கவி வீரராகவ முதலியாரை நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். உங்கள் பக்கத்துக் கும்பகோணத்துச் சரப சாஸ்திரி (1872–1904) இளமையிலேயே பார்வை இழந்தவர். புல்லாங்குழலைக் கர்நாடக இசை மேடையில் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்திய முன்னோடி அவர். ஆனால் பாட்டும் வாத்தியமும் உட்கார்ந்து செய்யும் கலைகள். பார்வையற்றவரை உட்காரவைத்துக் கேட்டோம். எழுந்து நடக்க மேடை கொடுத்தோமா? (இரட்டைப்புலவர்களில் பார்வையற்றவர் நடக்க இயலாதவரைத் தோளில் சுமந்து ஊர் ஊராக நடந்தார் என்று கதை சொல்கிறோம், நடந்தது தெருவில்தான்.) நீங்கள் அன்போடு கொடுத்த திருதராட்டிரனும் சிம்மாசனத்தை விட்டு அதிகம் எழாதவன். அந்த மாணவர் கேட்பது எழுந்து நடக்கும் வேடத்தை என்பதைக் கவனியுங்கள்.

மேடையைப் பற்றிச் சொல்கையில் நினைவுக்கு வருவது அலி ஸ்ட்ரோக்கர். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் அமெரிக்க நடிகை. 2019இல் 'ஓக்லஹோமா' என்ற இசை நாடகத்துக்காக, அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருதைப் பெற்றார். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் நடிகர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. அவர் ஏற்ற பாத்திரமும் நடக்க இயலாதவளாக எழுதப்பட்டதல்ல. கலகலப்பான ஒரு கிராமத்துப் பெண், அவ்வளவே. ஆனால் விழா நடந்த நியூயார்க் அரங்கில் பார்வையாளர் பகுதியிலிருந்து மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லை. மற்றவர்கள் தங்கள் இருக்கையிலிருந்து எழுந்து கைதட்டலுக்கு நடுவே நடந்து சென்று விருது வாங்க, அவர் மேடைக்குப் பின்னால் காத்திருந்து அங்கிருந்து வந்தார். அந்த நாடகமே சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான விருதைப் பெற்றபோது, மேடையேறிய குழுவினரோடு அவரால் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நம் ஊரைச் சொல்லாமல் விடக் கூடாது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்ட என் நண்பர் 30 ஆண்டுகளாக நாடகம் எழுதுகிறார். ஓர் அரங்கில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடைக்கு ஒன்பது படிகள். விழாத் தலைவர் தாமே கீழிறங்கி வந்து, முதல் வரிசையில் இருந்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது, தலைவரின் பெருந்தன்மைக்காக. திரும்பும் வழியில் நண்பர், "இன்று விருது யாருக்கு என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை" என்றார். நானும் கைதட்டியவர்களில் ஒருவன்.

இனி உங்கள் மேடைக்கு வருகிறேன். அவர் எப்படி நடப்பார் என்பதை என்னிடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். விடுதிக்கும் வகுப்புக்கும் நாள்தோறும் நடக்கிறவர் அவர்தானே. இருந்தாலும் சில யோசனைகள். முதல் ஒத்திகைக்கு முன் வெறும் மேடையை அவரிடம் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், காலால் அளந்துகொள்வார். விளிம்புக்கு மூன்றடி உள்ளே, ஜமுக்காளத்துக்கு அடியில் மெல்லிய கயிறு ஒன்றை நீளவாட்டில் ஒட்டுங்கள். வெறுங்காலுக்கு அது போதுமான எச்சரிக்கை. ஒத்திகையில் வைத்த சிம்மாசனத்தை நாடகத்தன்று அரையடி தள்ளிப் போடாதீர்கள். மற்ற நடிகர்களுக்குச் சலங்கை கட்டிவிடுங்கள். கூத்தில் அதுதானே வழக்கம். யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதைச் சலங்கையே சொல்லிவிடும். ஆர்மோனியப் பெட்டியும் மத்தளமும் மேடையின் பின்புறம் ஓரிடத்தில் நிலையாக இருந்தால் அவருக்கு அதுவே திசைகாட்டி. கதாயுதத்தைச் சுமை என்று நினைக்கிறீர்கள். அதைத் தரையில் ஊன்றி ஊன்றி நடக்கும் ஓர் அரசனைக் கற்பனை செய்யுங்கள். துரியோதனனின் செருக்குக்கு அதைவிடப் பொருத்தமான நடை எது? விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். அந்த மேடையில் பார்வையுள்ள மாணவன் விழுந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

மாயசபைக் காட்சியில்தான் உண்மையான சவால் இருக்கிறது. பளிங்குத் தரையைத் தண்ணீரென்று எண்ணி ஆடையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரைத் தரையென்று எண்ணி விழுகிறான் துரியோதனன். கண்ணை நம்பியதால் விழுகிறவன் அவன். நாம் சொல்லக் கேட்ட கதையில் திரௌபதி சிரித்து, குருடன் மகனும் குருடோ என்கிறாள். யோசித்துப் பாருங்கள், பாரதப் போருக்கு ஒரு காரணமாக நம் மக்கள் நினைவில் வைத்திருப்பது ஒருவரின் உடற்குறையை வைத்துச் செய்த கேலி. அந்த வரியைப் பார்வையற்ற நடிகர் நின்று கேட்கும்போது, உங்கள் பார்வையாளர்கள் வழக்கம்போல் சிரிக்க முடியாது. சிரித்தவர்கள் பாதியில் நிறுத்துவார்கள். எந்த இயக்குநரும் விரும்பும் கணம் அது. ஆனால் அந்தச் சொல்லை வைப்பதா நீக்குவதா என்பதை அவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் அளித்த தீர்ப்பு இங்கே உதவும். உடற்குறையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, உடற்குறை உள்ளவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று அத்தீர்ப்பு பிரித்தது. எங்களை விலக்கிவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம் என்ற மாற்றுத்திறனாளிகளின் முழக்கத்தைப் படைப்பாளிகள் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது. திக்குவாயையும் மாறுகண்ணையும் வைத்து அரை நூற்றாண்டு பிழைத்த நம் திரை நகைச்சுவைக்கு இது கசப்பான மருந்துதான்.

பார்வையாளர்களையும் மறக்க வேண்டாம். அவருடைய பார்வையற்ற நண்பர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். திரையரங்குகளில் ஒலி விவரணையும் வசன வரிகளும் வேண்டும் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் நெறிமுறைகளை வெளியிட்டது. ஒலி விவரணை என்பது, வசனங்களுக்கு இடையிலுள்ள மௌனத்தில், திரையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லும் குரல். பின்னணி இசை மௌனத்துக்கு இடமே விடாத நம் படங்களுக்கு அதை எழுதுவது தனி வித்தை. நாடகத்தில் அத்தனை சிக்கல் இல்லை. 1980இல் தொடங்கப்பட்ட, லண்டனைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகளின் கிரேயி நாடகக் குழு, விவரணையையும் சைகை மொழியையும் மேடை ஓரத்தில் ஒட்டுப்போடாமல் நாடகத்துக்குள்ளேயே பின்னிவிடுகிறது. 1997 முதல் அக்குழுவை வழிநடத்திய ஜென்னி சீலி செவித்திறன் அற்றவர். அதைப் புதுமை என்று உலகம் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். நம் கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன் கோலத்தைத் தானே விருத்தமாகப் பாடுகிறார். வருவது யார் என்று கட்டியங்காரன் கேட்டுக் கேட்டுச் சொல்லவைக்கிறான். கட்டியங்காரனுக்கு இன்னும் பத்து வரி எழுதிக் கொடுங்கள், போதும்.

நாடகம் எந்த நாள் என்று எழுதுங்கள், வருகிறேன். உங்கள் அரங்க வாயிலில் எத்தனை படிகள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் நண்பரும் உடன் வருவார்.