பதினேழாவது கேள்வி

அன்புள்ள சார்,

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ‘தொழிலாளர்களின் பணித் திருப்தி’ என்று புராஜெக்ட். 24 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம், ‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ வரை. படிவங்களை எச்.ஆரிடம் கொடுத்தேன். லைன் சூப்பர்வைசர்கள் மூலமாக அன்று மாலையே 150 படிவமும் நிரம்பி வந்துவிட்டது. சராசரி 4-க்கு மேல். ஆனால் 17ஆம் கேள்விக்கும், அதாவது ‘இந்த வேலையை விட்டுவிடலாம் என்று அடிக்கடி நினைக்கிறேன்’ என்பதற்கும், நிறையப் பேர் ‘உடன்படுகிறேன்’ என்றே டிக் அடித்திருக்கிறார்கள். அதனால் குரோன்பாக் ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை எண் குறைந்தது. கைடு அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்ததும் 0.94 வந்துவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. 150 பேர் போதுமா? புள்ளியியல் சாஃப்ட்வேரில் எஸ்.பி.எஸ்.எஸ். போதுமா, ‘ஆர்’ (R) படிக்க வேண்டுமா? ஆய்வு முறைகளுக்குத் தமிழில் நல்ல புத்தகம் உண்டா? என் பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

போன மாதம் பரண் ஒழித்தபோது கிளிப் வைத்த பழைய பரீட்சை அட்டை ஒன்று கிடைத்தது. தூக்கிப் போட மனமில்லாமல் மேசைமேலேயே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்தேன். அட்டையின் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எஸ்.பி.எஸ்.எஸ்ஸா ஆரா என்பதை விடுங்கள். இரண்டும் ஒழுங்காகக் கணக்குப் போடும், இரண்டுக்கும் திருப்பூர் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

150 போதுமா என்றால், எத்தனை பேருக்கு எத்தனை மாதிரி வேண்டும் என்று கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் போட்ட அட்டவணையை யாராவது காட்டியிருப்பார்கள். பத்து லட்சம் பேருக்கு 384 மாதிரி போதும் என்று அதில் இருக்கும். ஆளைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். சூப்பர்வைசர் கைக்கு எட்டியவர்களிடம் வாங்கினால் 150 என்ன, 1,500 என்ன? நிர்வாகவியல் ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்தே ஐந்து தலைமை நிர்வாகிகளை, ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து, என்ன செய்கிறார்கள் என்று குறித்தார். நிர்வாகி என்றால் அமைதியாக உட்கார்ந்து திட்டம் போடுபவர் என்ற படம்தான் அதுவரை பாடங்களில் இருந்தது. அவர் குறித்து வைத்ததில் பாதி வேலைகள் ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. 1973இல் அது புத்தகமாக வந்தது. ஐந்து பேர், தம்பி.

சரி, 17ஆம் கேள்விக்கு வருவோம். ஆல்ஃபா விழுந்தது என்றால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணை முறைப்படி திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் (5ஐ 1 ஆக, 4ஐ 2 ஆக) என்று அர்த்தம். அதுவரைக்கும் நல்லது. ஆனால் லீ குரோன்பாக் 1951இல் கொடுத்த அந்த எண் எதைச் சொல்கிறது? கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றனவா என்பதை மட்டும்தான். பதில் உண்மையா என்று அது சொல்லாது. ஒருத்தர் மேலிருந்து கீழ்வரை 4, பக்கத்து மிஷின்காரர் மேலிருந்து கீழ்வரை 5, அதற்கடுத்தவர் எல்லாம் 3 என்று கோடு கிழித்த மாதிரி டிக் அடித்தால் ஆல்ஃபா ஜம்மென்று ஏறும். படிக்காமலே டிக் அடித்த படிவத்துக்குத்தான் சில சமயம் பிரமாதமான ஆல்ஃபா வரும்.

இப்போது நிதானமாக யோசியுங்கள். 17க்கு ‘உடன்படுகிறேன்’ போட்டவர்கள் கேள்வியைப் படிக்காமல் போட்டிருக்கலாம். அப்படியானால் மற்ற 23ஐ மட்டும் படித்துவிட்டா போட்டார்கள்? இல்லை, படித்துத்தான் போட்டார்கள் என்றால், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே, வேலையை விடத் தோன்றுகிறது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மொத்த புராஜெக்ட்டிலும் அதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. இரண்டில் எதுவானாலும் தூக்கிப் போட வேண்டியது 17 இல்லை. பொருந்தாத ஒன்று கண்ணில் பட்டதும், ‘ஏன்?’ என்று கேட்காமல் ‘எப்படி எடுப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாமா?

கோபம் வருகிறது, ஆனால் எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அட்டையின் கதை அதுதான்.

1991, பி.காம். முடித்துவிட்டு மதுரையில் சும்மா இருந்தேன். சலவை சோப்பு பற்றிய சர்வே ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு படிவத்துக்கு ஆறு ரூபாய். செல்லூரில் 40 வீடு என் பங்கு. முதல் மூன்று வீட்டில் நாய், சந்தேகம், ‘சாயந்திரம் வாப்பா’. நான்காவது வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இந்த அட்டையை மடியில் வைத்து, 40 படிவத்தையும் நானே நிரப்பினேன். சும்மா இல்லை, கலைநயத்தோடு. பேனாவை மாற்றினேன், கையெழுத்தைச் சாய்த்தேன், வருமானத்தைக் கூட்டிக் குறைத்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஓர் அக்கா. படிவக் கட்டை வாங்கி மடமடவென்று புரட்டினார், நின்று படிக்கவே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கோடு இருக்குமே, அதை மட்டும்தான் பார்த்தார். நாற்பதிலும் காலி. “நாப்பது வீட்டுல ஒருத்தர்கூட கேட்டதுக்கு வெளிய ஒரு வார்த்தை பேசலையா? அது செல்லூரா, பரீட்சை ஹாலா?” என்றார். அவ்வளவுதான் திட்டு.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வீட்டில் பாட்டி ஒருத்தர் நீளச் சோப்புக் கட்டியை நூல் போட்டு மூன்றாக அறுத்து வைத்திருந்தார். ஒரு கட்டி எத்தனை நாளைக்கு வரும் என்பது எங்கள் கேள்வி. “ஒண்ணு துணிக்கு, ஒண்ணு பாத்திரத்துக்கு, ஒண்ணு மருமக வந்து கேட்டா குடுக்க. இதுல எந்தக் கட்டியக் கேக்குற?” என்றார். மருமகளுக்கு அதே வீட்டின் பின்கட்டில் தனி அடுப்பாம். அக்கா அதை எழுத ஆரம்பித்து, கோடு தீர்ந்து, ஓரத்தில் ஏறி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். டீக்கடை பெஞ்சில் என் மூளைக்கு அந்த மூன்று துண்டு எட்டவே எட்டாது.

உங்கள் படிவங்களை நீங்களே நிரப்பவில்லை, உண்மைதான். ஆனால் ‘மேலதிகாரி என்னை மரியாதையாக நடத்துகிறார்’ என்ற மாதிரி ஒரு கேள்வி இருக்கும்தானே? அந்தத் தாளை அதே மேலதிகாரியிடமே கொடுத்து வாங்கினால் என்ன வரும்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கிற பையன்களுக்குப் படிவத்தை யார் படித்துக் காட்டினார்கள்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஸ்டான்ஃபோர்டில் லபியர் என்று ஒரு சமூகவியலாளர் இருந்தார். 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்க காரில் சுற்றினார். சீனர்கள்மீது வெறுப்பு ஊறிய காலம். 251 விடுதி, ஹோட்டல்களில் ஏறி இறங்கினார்கள், ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார்: சீனர்கள் வந்தால் ஏற்பீர்களா? பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மாட்டோம் என்றார்கள். தாளில் ஒன்று, வாசலில் ஒன்று. ரென்சிஸ் லைக்கர்ட் ஐந்து கட்டத்தைக் கொடுத்தது 1932இல், இதை லபியர் வெளியிட்டது 1934இல். நம் கல்லூரிகள் முன்னதை மட்டும் பிடித்துக்கொண்டன.

அதனால் ஒன்று செய்யுங்கள். 150 படிவத்தையும் தரையில் பரப்புங்கள். 24க்கும் ஒரே நேர்கோட்டில் டிக் இறங்கியவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். மீதியில் 17ஐ மட்டும் எண்ணுங்கள். அப்புறம், ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனிக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் போய் நில்லுங்கள். கையில் படிவம் வேண்டாம். கேட்டில் ‘டெய்லர், செக்கிங், கைமடி தேவை’ என்று போர்டு தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால், அதைக் கடைசியாக எப்போது கழற்றினார்கள் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கும். எச்.ஆர். காட்ட மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள்.

கைடு பாவம், அவர் தலையில் எத்தனை புராஜெக்ட்டோ. அவரோடு சண்டை வேண்டாம். ஆல்ஃபாவை இரண்டு விதமாகவும் போடுங்கள், 17ஓடு ஒன்று, இல்லாமல் ஒன்று. ஏன் விழுந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். வைவா என்றைக்கு? வாட்ச்மேன் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.