7-10 என்று முடித்த பேர்ஸுக்கு முதல் தேர்வு எப்படி?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் புது வீரர்களை வரிசைப்படி எடுப்பதுதான் டிராஃப்ட்; பொதுவாக மோசமாக முடித்த அணிக்கே முதல் தேர்வு. 2024 டிராஃப்டில் சிகாகோ பேர்ஸ் பயன்படுத்திய முதல் தேர்வு அவர்களுடையதே இல்லை, கரோலினா பேந்தர்ஸுடையது. நீங்கள் சொல்லும் 7 வெற்றி, 10 தோல்விக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். அதில் ரோம் ஒடுன்சேயை எடுத்தார்கள்.

2023 மார்ச்சில் அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் தேர்வைப் பெற, கரோலினா தன் வீரர் டி.ஜே. மூரோடு அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டது. அப்புறம் 2-15 என்று கடைசியில் நின்றது. அந்த முதல் தேர்வில் கேலப் வில்லியம்ஸ் சிகாகோவுக்கு வந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டை இப்படி அடகு வைத்தது பெரிய தப்பு என்பேன்.

டிராஃப்ட் பட்டியலில் அணிப் பெயருக்குப் பக்கத்தில் 'கரோலினாவிடமிருந்து' என்ற குறிப்பு இருக்கும், பாருங்கள்.

இந்தக் கணக்கைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போடாதீர்கள். அங்கே குலுக்கல். 2025இல் வெறும் 1.8% வாய்ப்போடு டல்லாஸ் முதல் தேர்வைத் தட்டியது.