சிஸ்டம்டி கிடக்கட்டும், முதலில் வைஃபை சிப்பைப் பாருங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறேன். வகுப்புக்குப் பழைய மடிக்கணினிகள் வாங்கி, கட்டற்ற மென்பொருள் மட்டுமே போட ஆசை. டெபியன் லினக்ஸில் சிஸ்டம்டி இருக்கிறது, அது கட்டற்றது இல்லை, டெவுவானுக்கு மாறு என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்?

டீச்சர், கணினியைத் துவக்கி மற்ற நிரல்களை ஓடவிடும் சிஸ்டம்டி கட்டற்ற மென்பொருள்தான். உரிமம் எல்ஜிபிஎல், மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். கணினியைத் துவக்கிவிடுவதோடு நிற்காமல் பதிவுகள், நெட்வொர்க், உள்நுழைவு என்று எல்லாவற்றையும் தன் கைக்குள் இழுத்துக்கொண்டது என்பதுதான் பலருடைய குறை, அதில் நியாயமும் உண்டு, 2014-இல் சிஸ்டம்டி வேண்டாம் என்று டெபியனிலிருந்து டெவுவான் தனியே பிரிந்ததும் அதனால்தான். ஆனால் அது வடிவமைப்பு பற்றிய சண்டை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்றுக்கொண்ட ட்ரிஸ்குவெல் லினக்ஸ்கூட சிஸ்டம்டியில்தான் ஓடுகிறது.

உண்மையான பூட்டு வன்பொருளில் இருக்கிறது. இன்டெல் வைஃபை அட்டைகளுக்கு மூடிய ஃபர்ம்வேர் (மூலநிரல் தராத, சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) வேண்டும், டெவுவான் போட்டாலும் அது மாறாது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியே அந்த ஃபர்ம்வேரைப் போட்டுவிடுகிறது, அதனால் வைஃபை ஓடுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஈப்போவில் கடைக்குப் போகும்போது ட்ரிஸ்குவெல் ஏற்றிய யூஎஸ்பியைக் கையோடு கொண்டுபோய், காசு கொடுக்கும் முன் அதிலிருந்து துவக்கிப் பாருங்கள். அதன் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மூடிய ஃபர்ம்வேரை ஏற்றாது. திரை, ஒலி, வைஃபை எல்லாம் வந்தால் தாராளமாக வாங்கலாம். வைஃபை மட்டும் வரவில்லையா, அதற்காக நல்ல மெஷினை விட்டுவிடாதீர்கள், ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை போதும், அதன் ஃபர்ம்வேரும் கட்டற்றது. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்று தேடும்போது மட்டும் கவனம்: முதல் பதிப்பில்தான் இந்தச் சிப், அதே பெயரில் வரும் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் நிறுவனத்தின் வேறு சிப். பெட்டியை நம்பாமல் பொருளின் அடியில் உள்ள பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் வரைக்கும் கட்டற்றதாக வேண்டும் என்றால் 2008-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்200. அதில் இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜினை (இன்டெல் மெஷின்களுக்குள் தனியே ஓடும் மூடிய அமைப்பு) முழுசாக நீக்கி, பயாஸுக்குப் பதிலான கட்டற்ற லிப்ரேபூட் போடலாம், அடுத்தடுத்த தலைமுறைகளில் அதை அப்படியே எடுத்துவிட்டால் மெஷின் அரை மணி நேரத்தில் அணைந்துவிடும். ஆனால் முதல் தடவை மூடியைக் கழற்றி, சிப்பில் கிளிப் மாட்டி எழுத வேண்டும், கை பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். ரேமும் 8 ஜிபிக்கு மேல் ஏறாது. எழுத, படிக்கப் போதும், வீடியோ வகுப்புக்குத் திணறும். அதனால் பிள்ளைகளுக்கு யூஎஸ்பி வைஃபையோடு கொஞ்சம் புதிய மெஷின்களே சரி, எக்ஸ்200 வேண்டுமானால் உங்களுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.