விருந்து மேசையும் இரண்டு லாரிகளும்: நிறுவனத்தின் அரசியல் நன்கொடையை எப்படிக் கணக்கில் காட்டுவது?

வாசகர் கேள்வி: சிங்கப்பூரில் சரக்குப் போக்குவரத்துத் தொழில் செய்யும் குடும்ப நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் பெரிய வாடிக்கையாளரான பிரிட்டிஷ் நிறுவனம் அனுப்பியுள்ள ஆண்டுப் படிவத்தில், ‘கடந்த நிதியாண்டில் அளித்த அரசியல் நன்கொடைகள், நாடு வாரியாக’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாங்கள் எந்தக் கட்சிக்கும் காசோலை எழுதியதில்லை. ஆனால் எங்கள் நிர்வாக இயக்குநர் ஒரு கட்சிக் கிளையின் இரவு விருந்தில் பணம் கட்டி மேசை ஒன்றை எடுத்தார். 2025 பொதுத் தேர்தலின்போது இரண்டு லாரிகளையும் வாடகையின்றிக் கொடுத்தோம். சென்னையில் எங்களுக்குத் துணை நிறுவனம் ஒன்றும் உண்டு. அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. காசோலை எழுதவில்லை என்பதால் நன்கொடை தரவில்லை என்று ஆகிவிடாது. பணமாகக் கொடுப்பது வங்கிக் கணக்கிலேயே தெரிந்துவிடும். நிறுவனங்கள் பெரும்பாலும் தடுமாறுவது பொருளாகவும் சேவையாகவும் சலுகையாகவும் கொடுத்தவற்றில்தான். உங்கள் லாரிகள் அந்த வகையைச் சேர்ந்தவை; மேசைக்குக் கொடுத்தது பணம் என்றாலும் அதுவும் எளிதில் கண்ணில் படாது.

முதலில் சிங்கப்பூர்ச் சட்டத்தைப் பார்ப்போம். 2001 முதல் நடப்பில் இருந்த அரசியல் நன்கொடைச் சட்டத்தின் இடத்தை, 2023 டிசம்பர் 29 முதல் வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது; நாம் பேச்சுவழக்கில் ஃபிக்கா என்று சொல்வது இதைத்தான். அதுவரை தேர்தல் துறை கவனித்து வந்த நன்கொடை அறிக்கைகள் இப்போது உள்துறை அமைச்சின்கீழ் உள்ள பதிவகத்துக்குச் செல்கின்றன. நிர்வாகம் மாறினாலும் அடிப்படை விதி பெரிதாக மாறவில்லை. கட்சிகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வேட்பாளர்களும் 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்களிடமிருந்தும், முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ சிங்கப்பூரில் தொழில் நடத்துகிற, சிங்கப்பூரர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடை பெறலாம். பெயர் தெரியாதவர்களிடமிருந்து வரும் தொகை ஆண்டுக்கு மொத்தம் 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறைவாகவே இருக்க வேண்டும்.

‘சிங்கப்பூரர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம்’ என்ற சொற்றொடரில் பலர் வழுக்கி விழுகிறார்கள். இங்கே பதிவு செய்து, இங்கே வரி கட்டி, முப்பது ஆண்டுகள் தொழில் நடத்தியிருந்தாலும் அது மட்டும் போதாது; இயக்குநர்களிலும் பங்குதாரர்களிலும் பெரும்பான்மையினர் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும். நிரந்தரவாசிகளை இந்தக் கணக்கில் குடிமக்களாகச் சேர்க்க முடியாது. ஐந்து இயக்குநர்களில் இருவர் குடிமக்கள், இருவர் நிரந்தரவாசிகள், ஒருவர் சென்னையில் இருக்கும் மைத்துனர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்காரர்கள் எல்லாரும் சிங்கப்பூர்க்காரர்கள்தானே என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் சட்டத்தின் பார்வையில் ஐந்தில் இரண்டு பெரும்பான்மை ஆகாது. ஆகவே இன்றைக்கே நிறுவனப் பதிவு விவரத்தை இணையத்திலிருந்து இறக்கி, விருந்து நடந்த நாளிலும் லாரிகள் சென்ற நாட்களிலும் யார் யார் இயக்குநர்களாகவும் பங்குதாரர்களாகவும் இருந்தார்கள், அவர்கள் ஒவ்வொருவரின் குடியுரிமை என்ன என்று தேதியிட்டு எழுதி வையுங்கள். பெரும்பான்மை இல்லை என்று தெரியவந்தால், படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பெற்றுக்கொண்ட தரப்புக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து மேசை. விருந்துக்கான பணத்தை யார் கொடுத்தார்கள் என்பதே இங்கே கேள்வி. நிர்வாக இயக்குநர் தம் சொந்தப் பணத்தில் எடுத்திருந்தால் அது அவருடைய நன்கொடை; நிறுவனக் கணக்கில் வராது. அவர் தம் அட்டையில் கட்டிவிட்டு மாதக் கடைசியில் செலவுச் சீட்டுக் கொடுத்து நிறுவனத்திடம் திரும்பப் பெற்றிருந்தால், அது நிறுவனத்தின் நன்கொடை. பல அலுவலகங்களில் இந்தச் சீட்டு ‘வாடிக்கையாளர் உபசரிப்பு’ என்ற தலைப்பின்கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண்டு முடிவில் யாரும் அதைத் தேடுவதில்லை. நான் பார்த்த ஒரு பேரேட்டில், ‘மேசை 14, பத்துப் பேர்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. யாருடைய விருந்து என்பதைக் கண்டுபிடிக்க அழைப்பிதழைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

யாருடைய விருந்து என்பது நம் ஊரில் உண்மையாகவே குழப்பக்கூடிய ஒன்று. சமூக மன்றத்தில் நடக்கும் தீபாவளி விருந்துக்கு நாடாளுமன்ற உறுப்பினர் வருவார், மேடையில் பேசுவார், உங்கள் இயக்குநரோடு படமும் எடுத்துக்கொள்வார். அதனால் அது கட்சி நிகழ்ச்சி ஆகிவிடாது; சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகம் சட்டபூர்வ அமைப்பு, கட்சி அன்று. அதே உறுப்பினர் வரும் கட்சிக் கிளை விருந்து முற்றிலும் வேறு. யார் வந்தார் என்பதை விட்டுவிட்டு, ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது, பேநவ் மின்பரிமாற்றத்தில் பணம் செலுத்தியபோது திரையில் எந்தப் பெயர் தோன்றியது என்பதைப் பாருங்கள். வரியிலும் வேறுபாடு உண்டு: அங்கீகரிக்கப்பட்ட பொது நல அறநிறுவனங்களுக்குத் தரும் தகுதியான நன்கொடைக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவு கிடைக்கிறது; கட்சிக்குத் தருவதற்கு அது கிடையாது. இரண்டையும் ‘நன்கொடை’ என்ற ஒரே கணக்குத் தலைப்பில் போட்டு வைத்திருந்தால் வரிப் படிவமும் தவறாகப் போயிருக்கலாம், சரிபாருங்கள்.

லாரிகளுக்கு வருவோம். வணிக விலைக்குக் குறைவாகவோ இலவசமாகவோ பொருளையும் சேவையையும் வசதியையும் கொடுப்பது நன்கொடையே. அதன் மதிப்பு, அதே லாரியை அதே நாளில் வேறொரு வாடிக்கையாளருக்கு என்ன விலைக்கு விட்டிருப்பீர்களோ அந்த விலை. எடுத்துக்காட்டாக, நாள் வாடகை 250 வெள்ளி என்றால், இரண்டு லாரிகள் ஒன்பது நாளுக்கு 4,500 வெள்ளி. மேசை 2,000 வெள்ளி என்று கொண்டால் இரண்டும் சேர்ந்து 6,500. இதை நீங்கள் கணக்கிட்டே ஆக வேண்டும், ஏனெனில் ஒரே நன்கொடையாளரிடமிருந்து 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் வந்தால் பெறுபவர் அதை அறிக்கையில் காட்ட வேண்டும். ஓர் ஆண்டில் பல முறை கொடுத்துக் கூட்டுத்தொகை அந்த வரம்பை எட்டினால், அறிக்கை தரும் கடமை கொடுத்தவர் பக்கமும் வரக்கூடும். லாரிகளைக் கட்சிக்குக் கொடுத்தீர்களா, குறிப்பிட்ட வேட்பாளருக்கா என்பதையும் எழுதி வையுங்கள். பெறுபவர் வெவ்வேறு என்றால் கணக்கும் வெவ்வேறு.

ஓட்டுநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். குடிமகன் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றித் தொண்டு செய்தால் அது நன்கொடை ஆகாது. நிறுவனம் சம்பளம் கொடுத்துக்கொண்டே அனுப்பினால் அது நிறுவனம் அளித்த சேவை, மதிப்பில் சேரும். ஓட்டுநர் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டவராக இருந்தால் பிரச்சினை நன்கொடையையும் தாண்டியது: தேர்தல் நடவடிக்கைகளில் வெளிநாட்டவர் பங்கேற்கக் கூடாது என்பது நம் தேர்தல் விதி. அன்று சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்று பயணப் பதிவேட்டைப் பாருங்கள்.

சென்னைத் துணை நிறுவனத்துக்கு இந்திய நிறுவனச் சட்டம், 2013 இன் 182 ஆம் பிரிவு பொருந்தும். தொடங்கி மூன்று நிதியாண்டுகள் ஆகாத நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தர முடியாது. தருவதற்கு இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு என்ற உச்சவரம்பை 2017 இல் நீக்கினார்கள். எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் காட்டும் கடமையையும் அப்போதே தளர்த்தினார்கள். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தங்களையும் செல்லாதவை என்று அறிவித்தது. மீறினால் கொடுத்த தொகையின் ஐந்து மடங்கு வரை அபராதமும், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருப்பதால் இந்தியாவின் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சென்னைக் கணக்காய்வாளரிடம், கடந்த ஆண்டில் ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் அப்படியே கையெழுத்திட்டு ஒரு கடிதம் கேளுங்கள். தொலைபேசியில் ‘ஒண்ணும் இல்ல சார்’ என்பது படிவத்துக்குப் போதாது.

பிரிட்டிஷ் வாடிக்கையாளர் உங்களைச் சந்தேகித்து இதைக் கேட்கவில்லை. அவர்களுடைய 2006 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, பன்னிரண்டு மாதத்தில் 5,000 பவுண்டுக்கு மேல் அரசியல் நன்கொடை தர விரும்பும் நிறுவனம் முன்கூட்டியே பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். சட்டத்தின் சொல்வரையறை அகலமானது என்பதால், நன்கொடையே தருவதில்லை என்று கொள்கை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள்கூட எச்சரிக்கைக்காக ஆண்டுக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிக்கொள்கின்றன. அதோடு, நிலைத்தன்மை அறிக்கைகளுக்குப் பல நிறுவனங்கள் பின்பற்றும் ஜிஆர்ஐ நெறிமுறையின் 415 ஆம் தரநிலை, நேரடியாகவும் மறைமுகமாகவும், பணமாகவும் பொருளாகவும் தந்தவற்றின் மொத்த மதிப்பை நாடு வாரியாகவும் பெறுபவர் வாரியாகவும் கேட்கிறது; பொருளின் மதிப்பை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்றும் கேட்கிறது. உங்கள் படிவத்தில் இருக்கும் கட்டம் ஏறக்குறைய இதே வடிவம்தான்.

ஆகவே கட்டத்தை இப்படி நிரப்புங்கள்: ‘சிங்கப்பூர்: பணமாக (விருந்து மேசை) இவ்வளவு, சேவையாக (இரண்டு லாரிகள், இத்தனை நாள், எங்கள் வழக்கமான நாள் வாடகையின்படி) இவ்வளவு, பெற்றவர் இன்னார். இந்தியா: இல்லை, கணக்காய்வாளர் கடிதம் இணைப்பு.’ நான் குறிப்பிட்ட தொகைகள் விளக்கத்துக்கு மட்டுமே; உங்கள் பேரேட்டில் உள்ளதை எழுதுங்கள்.

இனி வரும் ஆண்டுகளுக்கு, உங்கள் அளவிலான குடும்ப நிறுவனம் எந்தக் கட்சிக்கும் எதுவும் தருவதில்லை என்று இயக்குநர் குழுவில் தீர்மானம் போடுவதே சுமை குறைந்த வழி என்பது என் கருத்து. இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் தம் பணத்தில் தருவதை அது தடுக்காது. தர விரும்பினால் அதற்கும் தீர்மானம் எழுதுங்கள்: யார் ஒப்புதல் தருவார், எவ்வளவு வரை, ஒப்பந்தப்புள்ளி நிலுவையில் இருக்கும் நேரத்தில் தருவதில்லை என்பன அதில் இருக்கட்டும். கணக்குத் தலைப்பும் தனியாக இருக்கட்டும், விருந்து மேசை அதில் மட்டுமே பதிவாகட்டும். தேர்தல் நேரத்தில் மறுபடியும் யாராவது லாரி கேட்டால், எல்லாருக்கும் போடும் அதே விலைக்குச் சீட்டுப் போட்டு அனுப்புங்கள். அவர்கள் கட்டிவிட்டால் அது வாடகை, நன்கொடைக் கட்டத்தில் அதற்கு இடமில்லை.